ஸ்டாட்டிக் கான்டெக்ஸ்ட் எரர்: எங்கே பார்ப்பது, எதைத் தொடக்கூடாது

மாலை நேரத்தில் ஜாவா சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து எந்த ஆப்ஜெக்ட் என்று சொல்லாமல் அதன் மெத்தடைக் கூப்பிட்டால் வரும் இந்த எரரிடமிருந்து எந்த பேட்ச்சும் தப்பியதில்லை. "சார், மெத்தட் இருக்கு, பேரும் சரியா இருக்கு, கூப்பிட்டா மாட்டேங்குது" என்று ஒருவர் கை தூக்குவார். நான் அவர் மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் எடிட்டரில் எரியும் பல்பை அழுத்தி, அது காட்டியபடியே மெத்தடுக்கு முன்னால் ஸ்டாட்டிக் (ஆப்ஜெக்ட் இல்லாமல் கிளாஸுக்கே சொந்தம்) என்று சேர்த்துவிட்டிருப்பார். அந்த வரியின் சிவப்பு போயிருக்கும், கீழே ஐந்து வரி சிவந்திருக்கும், அங்கேயும் பல்பு எரியும். பத்து நிமிடத்தில் ப்ரோகிராம் முழுக்க ஸ்டாட்டிக் ஆகி, கம்பைலும் ஆகி, விடை மட்டும் தப்பாக வரும்.

எக்லிப்ஸ், இன்டெல்லிஜே என்ற இரண்டு எடிட்டர்களுமே இந்த "ஸ்டாட்டிக் ஆக்கு" யோசனையைத் தரும். அதை அழுத்தாமல் ஒரு நிமிடம் இருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். கல்யாண மண்டபத்தில் நின்று "மாமா!" என்று கத்தினால் நாற்பது பேர் திரும்புவார்கள், இல்லை ஒருவரும் திரும்பமாட்டார்கள். கம்பைலர் கேட்பதும் அதுதான்: எந்த மாமா? எந்த ஆப்ஜெக்டின் மெத்தட்? அதற்குப் பதில் சொன்னால் எரர் போய்விடும். ஸ்டாட்டிக் சேர்ப்பது பதில் இல்லை, கேள்வியையே அடைத்துவிடுவது.

கீழே உதாரணப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஜாவா யூனிகோடு பெயர்களை ஏற்கும் என்பதால் கடை, பில் என்றே கிளாஸுக்குப் பெயர் வைக்கலாம். நியூ, ஸ்டாட்டிக் போன்ற ஜாவாவின் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

அறிகுறி 1: "நான்-ஸ்டாட்டிக் மெத்தட் கேனாட் பி ரெஃபரன்ஸ்டு ஃப்ரம் எ ஸ்டாட்டிக் கான்டெக்ஸ்ட்"

எக்லிப்ஸில் இதே எரர் "கேனாட் மேக் எ ஸ்டாட்டிக் ரெஃபரன்ஸ்" என்று தொடங்கும். வார்த்தைதான் வேறு, விஷயம் ஒன்றே.

*முதலில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பாருங்கள்.* சிரிக்காதீர்கள், என் வகுப்பில் அடிக்கடி காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஸ்கேனர் கிளாஸில் ஒரு ஆப்ஜெக்ட் செய்து, அதற்குச் சின்ன எழுத்தில் ஸ்கேனர் என்றே பெயர் வைத்திருப்பீர்கள். அடுத்த வரியில் நெக்ஸ்ட்இன்ட்டைக் கூப்பிடும்போது எடிட்டர் தானாக நிரப்பித் தந்தது பெரிய எழுத்து ஸ்கேனர், அதாவது கிளாஸ். ரேண்டம் கிளாஸிலும் இதே கதை. எரர் வந்த வரியில் புள்ளிக்கு முன்னால் இருப்பது நீங்கள் செய்த வேரியபிளா, கிளாஸின் பெயரா என்று ஒரு எழுத்து விடாமல் படியுங்கள். கிளாஸ் என்றால் முதல் எழுத்தைச் சின்னதாக்குங்கள், முடிந்தது.

*அடுத்து, வேண்டிய ஆப்ஜெக்ட் ஏற்கெனவே இருக்கிறதா?* பத்து வரி மேலே போனால் பெரும்பாலும் இருக்கும். ப்ரோகிராம் தொடங்கும் மெத்தடான மெயினில் இப்படி எழுதியிருப்பார்கள்:

    கடை க = நியூ கடை();
    க.பொருள்சேர்("அரிசி", 5);
    மொத்தம்போடு();

மூன்றாவது வரியில் க-வும் புள்ளியும் விட்டுப்போயின. மொத்தம்போடு அதே கிளாஸுக்குள் இருப்பதால் நேரடியாகக் கூப்பிடலாம் என்று நினைப்பது இயல்புதான். இன்னொரு சாதாரண மெத்தடுக்குள்ளிருந்து கூப்பிட்டால் அப்படியே வேலையும் செய்யும். மெயின் ஸ்டாட்டிக் என்பதால் அதற்குப் பின்னால் எந்தக் கடையும் நிற்பதில்லை. க.மொத்தம்போடு() என்று எழுதுங்கள்.

*ஆப்ஜெக்டே இல்லையா?* அப்படியானால் ஒன்று செய்யுங்கள், ஒன்றே ஒன்று. நான் எல்லாரையும் செய்யவைப்பது இது: மெயினில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வரியில் ஆப்ஜெக்ட் செய்ய வேண்டும், அடுத்த வரியில் அதன் "ஓட்டு" மெத்தடைக் கூப்பிட வேண்டும். மெயினில் இருந்த மற்ற எல்லாவற்றையும் வெட்டி, ஸ்டாட்டிக் இல்லாத ஓட்டு மெத்தடுக்குள் ஒட்டுங்கள்.

    நியூ கடை().ஓட்டு();

பழைய எரர்கள் பாதிக்கு மேல் இந்த ஒரு வெட்டு ஒட்டிலேயே போய்விடும், ஓட்டு மெத்தடுக்குள் எல்லாவற்றையும் புள்ளி இல்லாமலே கூப்பிடலாம் என்பதால்.

*கடைசியாகத்தான் ஸ்டாட்டிக்.* அந்த மெத்தட் தனக்குக் கொடுத்ததை மட்டும் வைத்து விடை சொல்கிறதா? இரண்டு எண்ணை வாங்கிப் பெரியதைத் தருகிறது, ரூபாயைப் பைசாவாக்குகிறது, இந்த மாதிரியா? அப்படியானால் தாராளமாக ஸ்டாட்டிக் ஆக்கலாம், அதுதான் சரியும்கூட. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: ஸ்டாட்டிக் சேர்த்து ஒரு தடவை கம்பைல் பண்ணுங்கள். எரர் சுத்தமாகப் போனால் வைத்துக்கொள்ளுங்கள். எரர் போகாமல் அந்த மெத்தடின் உள்ளே நகர்ந்தால், ஒன்று ஏழானால், உடனே கன்ட்ரோல் ஸெட். அந்த மெத்தடுக்கு ஒரு ஆப்ஜெக்ட் தேவை என்று கம்பைலரே சொல்லிவிட்டது.

அறிகுறி 2: அதே எரர், ஆனால் "மெத்தட்" இருந்த இடத்தில் "வேரியபிள்"

மேலே சொன்ன வரிசையிலேயே பாருங்கள். ஒரு விலக்கு மட்டும் உண்டு. அந்த வேரியபிள் எப்போதும் மாறாத ஒரு மதிப்பு என்றால், வரி விகிதம், அதிகபட்ச முயற்சி எண்ணிக்கை போல, அதை ஸ்டாட்டிக் ஃபைனல் ஆக்கலாம். ஃபைனல் போட முடியவில்லை, எங்கோ ஒரு வரி அதன் மதிப்பை மாற்றுகிறது என்று கம்பைலர் முறைத்தால், அது ஆப்ஜெக்டுக்குள் இருக்க வேண்டிய சரக்கு.

கீபோர்டிலிருந்து வாங்கும் ஸ்கேனரை கிளாஸ் மட்டத்தில் ஸ்டாட்டிக்காக வைப்பது லேப் ப்ரோகிராமில் பரவாயில்லை. கீபோர்டு ஒன்றுதானே.

அறிகுறி 3: "நான்-ஸ்டாட்டிக் வேரியபிள் திஸ்"

இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் திஸ் என்று அவர்கள் எங்கேயும் அடித்திருக்கவே மாட்டார்கள். "நான் எழுதாததுக்கு என்னை ஏன் சார் திட்டுது?" என்று ஒரு பையன் கேட்டது நியாயமான கேள்விதான்.

எரர் வந்த வரியில் நியூ இருக்கிறதா என்று பாருங்கள், கிட்டத்தட்ட நிச்சயம் இருக்கும். நியூவுக்குப் பின்னால் உள்ள கிளாஸ் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று அடுத்துப் பாருங்கள். கடை கிளாஸின் அடைப்புக்குறிக்குள்ளேயே பொருள் என்ற கிளாஸை எழுதியிருப்பீர்கள், இல்லாவிட்டால் கடையின் மூடும் அடைப்புக்குறியைத் தவறிப்போய் ஃபைலின் கடைசியில் போட்டதால் பொருள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் கிளாஸின் ஆப்ஜெக்ட் பிறக்க வெளியே இருக்கும் கிளாஸின் ஆப்ஜெக்ட் ஒன்று வேண்டும், மெயினில் அது இல்லை. எக்லிப்ஸ் இதை "நோ என்க்ளோஸிங் இன்ஸ்டன்ஸ்" என்று சொல்லும், அது கொஞ்சம் தெளிவாகவே இருக்கிறது.

அடைப்புக்குறி தவறியிருந்தால் நகர்த்துங்கள், செலவே இல்லை. வேண்டுமென்றே உள்ளே வைத்திருந்தால், உள் கிளாஸ் வெளி கிளாஸின் ஃபீல்டு (கிளாஸ் மட்டத்து வேரியபிள்) எதையாவது தொடுகிறதா பாருங்கள். தொடவில்லையென்றால் உள் கிளாஸுக்கு முன்னால் ஸ்டாட்டிக் போடுங்கள். ஆமாம், இவ்வளவு நேரம் வேண்டாம் என்றவனே இங்கே போடச் சொல்கிறேன். இங்கே அதன் அர்த்தம் வேறு: "இதற்கு வெளி ஆப்ஜெக்ட் தேவையில்லை" என்பது மட்டும்தான், உள்ளே இருக்கும் ஃபீல்டுகள் ஆப்ஜெக்டுக்கு ஆப்ஜெக்ட் தனித்தனியாகவே இருக்கும். தொடுகிறது என்றால் க.நியூ பொருள்() என்ற விநோதமான வடிவத்தில் எழுத வேண்டும். ரெக்கார்டு, ஈனம் (enum) இரண்டையும் உள்ளே எழுதினாலும் இந்தத் தொல்லை வராது, அவை சொல்லாமலே ஸ்டாட்டிக்.

அறிகுறி 4: எரர் போய்விட்டது, ஆனால் விடை 0 அல்லது நல்

முதல் அறிகுறிக்கு யாரோ "ஒரு ஆப்ஜெக்ட் செய்" என்று சொல்லிவிட்டார்கள், நீங்களும் எரர் வந்த இடத்திலெல்லாம் செய்துவிட்டீர்கள்.

    நியூ கடை().பொருள்சேர்("அரிசி", 5);
    நியூ கடை().மொத்தம்போடு();

அரிசி போனது ஒரு கடைக்கு, கணக்குக் கேட்டது பக்கத்துக் கடையில். அங்கே கல்லா காலி, 0 தான் வரும். கம்பைலர் வாயைத் திறக்காது, ஏனென்றால் அதன் கணக்கில் இது முழுக்க சரி.

சோதிக்க எளிய வழி: ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் "கடை பிறந்தது" என்று ஒரு பிரின்ட் வரி போடுங்கள். ஒரு தடவை வர வேண்டியது மூன்று தடவை வந்தால் ஆள் அகப்பட்டான். சந்தேகம் இரண்டு ஆப்ஜெக்டின் மீது மட்டும் என்றால், இரண்டையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டு பிரின்ட் பண்ணுங்கள். ஃபால்ஸ் வந்தால் அவை வேறு வேறு. அப்புறம் ஃபைலில் நியூ கடை என்று தேடி, முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களுக்கு அந்த ஆப்ஜெக்டையே பாராமீட்டராகக் கொடுத்தனுப்புங்கள்.

ஜாவாவின் ஸ்விங்கில் விண்டோ எழுதுபவர்களுக்கு இதே நோய் வேறு வேஷத்தில் வரும். பட்டனை அழுத்தினால் திறந்திருக்கும் விண்டோவில் எழுத்து மாறாது, அல்லது அதே மாதிரி இரண்டாவது விண்டோ ஒன்று மேலே திறக்கும். நீங்கள் எழுத்தை மாற்றியது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விண்டோவில்.

அறிகுறி 5: எல்லாருக்கும் கடைசி ஆளின் பெயர் வருகிறது

மூன்று மாணவர்களை லிஸ்டில் சேர்த்தீர்கள். பிரின்ட் செய்தால் மூன்று வரியிலும் மூன்றாவது மாணவரின் பெயர். பல்பை அழுத்தியதற்கான பில் இங்கேதான் வருகிறது.

மாணவர் கிளாஸைத் திறந்து ஃபீல்டுகளைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் ஸ்டாட்டிக் இருக்கும். ஸ்டாட்டிக் ஃபீல்டு கிளாஸுக்கு ஒன்றுதான், மூன்று பேரும் ஒரே பலகையில் மாறி மாறி எழுதியிருக்கிறார்கள், கடைசியில் எழுதியது மிஞ்சியது. ஸ்டாட்டிக்கை எடுங்கள், பழைய எரர்கள் திரும்ப வரும், வரட்டும், ஒவ்வொன்றையும் அறிகுறி 1-இன் வரிசையில் தீர்த்துக்கொண்டு போங்கள். (ஸ்டாட்டிக் இல்லாமலே இப்படி வந்தால், லூப்புக்கு வெளியே ஒரே ஒரு நியூ போட்டு அதே ஆப்ஜெக்டை மூன்று தடவை லிஸ்டில் சேர்த்திருக்கிறீர்கள். நியூவை லூப்புக்குள் தள்ளுங்கள்.)

லேப் ப்ரோகிராமில் இது அரை மணி நேர வேலை. வெப் அப்ளிகேஷனில் இதே தப்பு வேறு ரகம். சர்வரில் ஓடுவது ஒரு ஜேவிஎம் (ஜாவா ப்ரோகிராமை ஓட்டும் இயந்திரம்), அதற்குள் வரும் பயனர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். "இப்போதைய பயனர்" என்று ஒரு ஸ்டாட்டிக் ஃபீல்டு வைத்தால், உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் ஒருவரே சோதிக்கும்போது பிசகே தெரியாது. இரண்டு பேர் ஒரே நொடியில் வந்தால் ஒருவரின் ஆர்டர் இன்னொருவரின் திரையில் தெரியும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது, திருத்தியது ஒரே ஒரு சொல்லை. தேதியை வடிவமைக்கும் சிம்பிள்டேட்ஃபார்மேட்டை ஸ்டாட்டிக்காக வைத்து, ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்களில் பயன்படுத்தினாலும் தேதிகள் இப்படித்தான் அவ்வப்போது கந்தலாகும். அதற்குப் பதில் ஜாவா 8-இல் வந்த டேட்டைம்ஃபார்மேட்டரை ஸ்டாட்டிக்காக வைக்கலாம், அதன் ஆப்ஜெக்ட் பிறந்தபின் மாறாது.

நிஜப் பயனர்கள் இருக்கும் சர்வரில் இந்த அறிகுறியைப் பார்த்தால் நீங்களே திருத்தி ஏற்றாதீர்கள். அந்தக் கோடுக்குப் பொறுப்பானவரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.

அறிகுறி 6: ஓட்டியதும் ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎரர்

எரரோடு வரும் ட்ரேஸில் (எந்த மெத்தட் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலில்) ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், இயல்பு அமைப்பில் 1024 வரி வரை. அந்த வரியில் கோணக்குறிக்குள் இனிட் என்று இருந்தால் காரணம் கன்ஸ்ட்ரக்டர்.

ஆப்ஜெக்டை மெயினில் செய்வதற்குப் பதில் கிளாஸின் தலையில், ஃபீல்டாகச் செய்திருப்பீர்கள்: கடை கிளாஸுக்குள்ளேயே கடை க = நியூ கடை(). ஒரு கடை பிறக்க அதற்குள் ஒரு கடை பிறக்க வேண்டும், அதற்குள் இன்னொன்று. அந்த வரியை அப்படியே மெயினுக்குள் நகர்த்துங்கள். ஃபீல்டுக்கு ஸ்டாட்டிக் சேர்த்தாலும் எரர் போய்விடும், ஆனால் அறிகுறி 5-க்கு அது பக்கத்துத் தெரு.

அறிகுறி 7: இரட்டை முக்காற்புள்ளி (::) போட்ட இடத்தில் இதே எரர்

ஸ்ட்ரீம் எழுதும்போது வருவது, இங்கே எரர் செய்தி பாதி நேரம் பொய் சொல்லும். மேப்பின் என்ட்ரிகளை மதிப்பின்படி தலைகீழாக அடுக்க, கம்பேரேட்டர்.கம்பேரிங்கில் மேப்.என்ட்ரி::கெட்வேல்யூ கொடுத்து, அதன் வாலில் .ரிவர்ஸ்டு() சேர்த்தால் "நான்-ஸ்டாட்டிக் மெத்தட் கெட்வேல்யூ" என்று புலம்பும். வாலை வெட்டிப் பாருங்கள், எரர் போய்விடும். ஆக, பிரச்சினை ஸ்டாட்டிக்கே இல்லை. வால் சேர்ந்ததும் என்ட்ரிக்குள் இருப்பது என்ன டைப் என்று கம்பைலரால் ஊகிக்க முடியவில்லை, அதைச் சொல்லத் தெரியாமல் இதைச் சொல்கிறது.

மேப்.என்ட்ரி.கம்பேரிங்பைவேல்யூ என்று அதற்கென்றே ஒன்று இருக்கிறது, அதற்குள் கம்பேரேட்டர்.ரிவர்ஸ்ஆர்டர்() கொடுங்கள். இல்லாவிட்டால் இரட்டை முக்காற்புள்ளியை விட்டுவிட்டு, பாராமீட்டரின் டைப்பை முழுதாக எழுதி லாம்ப்டா எழுதுங்கள். குரூப்பிங்பை போட்ட இடத்தில் வந்தால் வரியின் இடப்பக்கத்தைப் பாருங்கள். மேப்பின் டைப் லாங் என்று வர வேண்டிய இடத்தில் இன்டிஜர் என்று எழுதியிருந்தாலும் பழைய கம்பைலர்கள் இதே பல்லவியைப் பாடும்.

அறிகுறி 8: ஃப்ரேம்வொர்க் உள்ளே வந்தபின் நல்பாயின்டர்

ஸ்பிரிங்கில் ஒரு ஸ்டாட்டிக் மெத்தடிலிருந்து ஆட்டோவயர் செய்த (ஸ்பிரிங்கே கொண்டுவந்து வைக்கும்) சர்வீஸைக் கூப்பிட முடியவில்லை, அதனால் அந்த ஃபீல்டையும் ஸ்டாட்டிக் ஆக்கினீர்கள், கம்பைல் ஆனது, ஓட்டினால் நல். ஸ்பிரிங் ஸ்டாட்டிக் ஃபீல்டுகளில் எதையும் வைக்காது. ஸ்டாட்டிக் ஃபீல்டுகளுக்கு ஆட்டோவயர்டு கிடையாது என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும், அதை யாரும் படிப்பதில்லை. கூப்பிடும் மெத்தடின் ஸ்டாட்டிக்கை எடுத்துவிட்டு, அந்த கிளாஸையும் ஒரு காம்போனென்ட் ஆக்கி, சர்வீஸைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்குங்கள். நியூ போட்டு நீங்களே சர்வீஸைச் செய்தாலும் அதற்குள் ஆட்டோவயர் செய்த ஃபீல்டுகள் நல்தான், அந்த ஆப்ஜெக்டை ஸ்பிரிங் அறியாது.

டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட் 5-இல் கதை தலைகீழ். எல்லா டெஸ்டுக்கும் முன்னால் ஒரே தடவை ஓடும் பிஃபோர்ஆல் மெத்தட் இயல்பு அமைப்பில் ஸ்டாட்டிக்காக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்ட் ஓடாது. அதற்குள்ளிருந்து சாதாரண ஃபீல்டைத் தொட்டால் நம் பழைய எரர். பெரும்பாலும் அந்தத் தயாரிப்பு வேலையை பிஃபோர்ஈச்சுக்கு மாற்றினாலே போதும்.

ஆண்ட்ராய்டில் ஸ்டாட்டிக் மெத்தடுக்குள் கெட்ஸ்ட்ரிங் கூப்பிட முடியாமல் தவித்தால், அந்த மெத்தடுக்கு கான்டெக்ஸ்டைப் பாராமீட்டராகக் கொடுங்கள். ஆக்டிவிட்டியை ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைக்காதீர்கள். திரை மூடியபின்னும் அது மெமரியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி 9: கம்பைல் ஆகிறது, "மெயின் மெத்தட் இஸ் நாட் ஸ்டாட்டிக்" என்று ஓட மறுக்கிறது

எல்லா ஸ்டாட்டிக்கையும் எடுக்கச் சொன்னதும் மெயினுடையதையும் எடுத்துவிட்டீர்கள், திரும்பப் போடுங்கள். நண்பரின் கம்ப்யூட்டரில் மெயினுக்கு ஸ்டாட்டிக் இல்லாமலே ஓடுகிறதென்றால் அவரிடம் இருப்பது ஜாவா 25 அல்லது அதற்குப் பிந்தையது. 2025-இல் வந்த 25-ஆம் பதிப்பிலிருந்து அது முறைப்படி அனுமதி, 21-இலிருந்து 24 வரை முன்னோட்டமாக மட்டும் இருந்தது. ஜாவா -வெர்ஷன் கமாண்டை இரண்டு இடத்திலும் ஓட்டிப் பாருங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

படிக்கிற காலத்தில் அரை மணி நேரம் மோதிப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம். வேலையில் இருப்பவர்களுக்கு என் எல்லைக்கோடு வேறு. நீங்கள் மாற்ற நினைக்கும் மெத்தட் பப்ளிக், அதை வேறு டீம்களின் கோடும் கூப்பிடுகிறது என்றால் ஸ்டாட்டிக்கைச் சேர்ப்பதோ எடுப்பதோ உங்கள் தனி முடிவு இல்லை. உங்கள் மெஷினில் எல்லாம் கம்பைல் ஆகும், அவர்கள் முன்பே கம்பைல் செய்து வைத்த ஜார் ஃபைல் ஓடும்போது உடையும். அதேபோல எக்ஸெப்ஷன்இன்இனிஷியலைஸர்எரர் என்று ஒன்று வந்தால், ஸ்டாட்டிக் ஃபீல்டுகள் எந்த வரிசையில் நிரம்புகின்றன என்ற சிக்கலுக்குள் போயிருக்கலாம். லாகில் "காஸ்டு பை" என்று தொடங்கும் வரியைப் பார்த்தும் புரியவில்லையென்றால் சீனியரைக் கூப்பிடுங்கள்.

கூப்பிடும்போது கடைசி எரரைக் காட்டாதீர்கள், முதல் எரரைக் காட்டுங்கள், அந்த வரிக்கு மேலும் கீழும் பத்து வரியோடு. அவர் வந்து சேர்வதற்குள் பல்பை அழுத்திச் சேர்த்த ஸ்டாட்டிக்குகளையெல்லாம் கன்ட்ரோல் ஸெட் போட்டுப் பழையபடி ஆக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அவருடைய முதல் இருபது நிமிடம் அதற்கே போய்விடும்.